இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்: பக்கத்தில் படுப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான், தூக்கத்தைப் பரிசோதிக்கும் ஸ்லீப் லேபில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் டெக்னீஷியன். நோய் இன்னதென்று சொல்வது என் வேலை இல்லை. வருகிறவரின் தலையை அளந்து ஒயர்களை ஒட்டுவது, நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட் கட்டுவது, மூக்கில் குழாய் வைப்பது, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டுவது, அப்புறம் விடியும்வரை பக்கத்து அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது. இவ்வளவுதான். ஆனால் நீங்கள் பகலில் பார்க்கும் அதே மனிதரை நான் இரவில் பார்க்கிறேன். அந்த உரிமையில்தான், தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நோயைப் (ஸ்லீப் ஆப்னியா) பற்றி இதை எழுதுகிறேன்.

உங்களிடம் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் எங்களிடம் வருகிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பி வருவது அபூர்வம். குறட்டை தாங்க முடியாமல் மனைவி காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார். அல்லது மூச்சு வாங்குகிறதே, ஆஸ்துமாவோ என்று நுரையீரல் டாக்டரிடம் போயிருப்பார்கள். கார் ஓட்டும்போது கண் அசந்து மீடியனில் ஏற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு. இப்படிச் சுற்றி வரும்போது ஃபைலில் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருக்கும். நான் அதைப் புரட்டிப் பார்ப்பேன். புகை, மது, சுகர், பிரஷர், கொழுப்பு, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு உண்டா, எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. இருந்தால் மருந்துப் பட்டியலின் கடைசியில் இருக்கும்: அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் மாத்திரை), இரவு ஒன்று.

முதலில் நான் திரையில் பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பார்ப்பது வேறு.

ஐம்பதைத் தாண்டியவர், ஸ்டென்ட் வைத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கும், அறையிலிருக்கும் மைக் வழியே எனக்குக் கேட்கும். திடீரென்று சத்தம் நின்றுவிடும். மூக்குக் குழாயின் கோடு தட்டையாகிவிடும். பெல்ட்டுகளின் கோடுகள் மட்டும் ஓயாது. நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே தள்ளும், வயிறு உள்ளே போகும்போது நெஞ்சு எழும்பும். இழுக்கப் பார்க்கிறார், தொண்டை மூடிக்கிடக்கிறது. 10 வினாடி நின்றாலே நாங்கள் கணக்கில் சேர்ப்போம். இவருக்கு முப்பது, நாற்பது என்று போகும். ஆக்சிஜன் எண் உடனே இறங்காது. நுரையீரலைக் கடந்த ரத்தம் விரல்நுனிக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் மூச்சு திரும்பிய பிறகுதான் எண் அடிமட்டத்தைத் தொடும். இதயத்தின் பம்பிங் குறைந்தவர் என்றால் அந்த இடைவெளி இன்னும் நீளம். 94, 90, 84, 77. நடுவில் ஒரு பெரிய உறுமல், கால் ஒரு உதறல், மூளை அலையில் ஒரு சின்ன விழிப்பு. நாடி தடதடவென்று ஏறும். ரத்த அழுத்தம் உச்சிக்குப் போவதும் அந்தக் கட்டத்தில்தான். மறுபடி தூக்கம், மறுபடி குறட்டை, மறுபடி நிற்கும். மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் கடுமையானது என்று ரிப்போர்ட்டில் வரும். நிமிடத்துக்கு ஒரு தடவை நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். காலையில் ஒயரைக் கழற்றும்போது கேட்டால், "நல்லாத் தூங்கினேன் தம்பி" என்பார்.

இளநீர் குடிக்கும்போது வழுக்கை வந்து ஸ்ட்ராவை அடைத்துக்கொண்ட பிறகும் விடாமல் உறிஞ்சினால் ஸ்ட்ரா சப்பென்று ஒட்டிக்கொள்ளும். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அப்படித்தான் ஆகிறது. உள்ளே அழுத்தம் பலமாக இறங்குகிறது, அந்த இழுப்பு இதயச் சுவரையும் சேர்த்து இழுக்கிறது, இடது கீழறை வழக்கத்தைவிட அதிகம் திணறித்தான் ரத்தத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. வேலை கூடும் நேரமும் ஆக்சிஜன் குறையும் நேரமும் அடுத்தடுத்து வருகின்றன. இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய் குறுகிப்போன மனிதருக்கு இதைவிட மோசமான சேர்க்கை வேண்டுமா? டிரெட்மில்லில் ஓடவிட்டு எதைத் தேடுகிறீர்களோ, அதை இவர் படுக்கையில் இரவு முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்.

அது ஓர் இரவோடு முடிகிற கதையும் இல்லை. ஆக்சிஜன் இறங்குவதும் ஏறுவதுமாக வருஷக்கணக்கில் போனால் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது, அழற்சி கூடுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, தூக்கத்தில் தணிய வேண்டிய பிரஷர் தணிவதில்லை, பகலிலும் ஏறியே நிற்கிறது. மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்று நீங்கள் நான்காவதைச் சேர்க்கும் நோயாளிகளில் பலர் இந்தக் கூட்டம்தான். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2021 அறிக்கை, உயர் ரத்த அழுத்தம், கரோனரி நோய், இதயச் செயலிழப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் போன்றவை உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் இந்த நோய் இருக்கிறது என்கிறது. அதே அறிக்கை, இவர்களிடம் இது கண்டுபிடிக்கப்படுவதும் சிகிச்சை பெறுவதும் குறைவு என்றும் சொல்கிறது. அமெரிக்காவிலேயே இந்த நிலை. இந்தியாவில் வந்த ஆய்வுகளைத் திரட்டி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் போட்ட கணக்கில், நம் நாட்டில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று வந்தது. லேப் இருப்பதோ பெரிய ஊர்களில், அதுவும் எண்ணக்கூடிய அளவில்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுவாக மாரடைப்பு அதிகம் வருவது காலை எழுந்த பிறகு, ஆறு மணியிலிருந்து நண்பகல் வரை. இந்த நோய் உள்ளவர்களுக்குக் கடிகாரம் மாறிவிடுகிறது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே ஸ்லீப் ஸ்டடி செய்து பிறகு திடீர் இதய மரணம் அடைந்தவர்களைப் பார்த்தார்கள். மூச்சுத்தடை இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தது நள்ளிரவு 12-க்கும் காலை 6-க்கும் நடுவில். இல்லாதவர்களில் 21 சதவீதம். மூன்று வருஷம் கழித்து, அதே இடத்தில், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஸ்லீப் ஸ்டடி செய்து பார்த்தார்கள். அந்த ஆறு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வந்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு இது இருந்தது. மொத்தம் 92 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், "ராத்திரி மூணு மணிக்கு நெஞ்சை அடைச்சுக்கிட்டு எழுந்தேன் டாக்டர்" என்று ஒருவர் வந்தால், அந்த மூணு மணியையும் கேஸ் ஷீட்டில் ஒரு தடயமாகப் பார்க்கலாமே.

இந்த நோய்க்கு சீபாப் என்றொரு கருவி உண்டு, தூங்கும்போது மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுக்கும். இனி அதைப் பற்றி நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டதுதான்: "கண்டுபிடிச்சு என்னப்பா பண்றது? சீபாப் போட்டா மாரடைப்பு குறையாதுன்னு பெரிய டிரையலே வந்தாச்சே."

வந்தது, உண்மை. சேவ் என்ற அந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஏற்கெனவே இதய அல்லது மூளை ரத்தக்குழாய் நோய் இருந்த 2,717 பேர், இந்தியா உட்பட ஏழு நாடுகள், சராசரியாக 3.7 வருஷம். சீபாப் கருவி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் மாரடைப்பிலோ மரணத்திலோ வித்தியாசம் இல்லை. ஸ்பெயினிலும் சுவீடனிலும் நடந்த ஆய்வுகளும் மொத்தத்தில் அதையேதான் சொல்லின. இதை மறைத்துவிட்டு மெஷின் விற்கும் ஆட்களை எனக்கும் தெரியும், எனக்கும் பிடிக்காது. "இதை மாட்டினா ஹார்ட் அட்டாக் வராது" என்று சொல்லி விற்பது பொய்.

ஆனால் அந்த ஆய்வை இன்னும் இரண்டு பக்கம் புரட்டுங்கள். கருவியை அவர்கள் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம். பாதித் தூக்கத்துக்கும் குறைவு. அதிலும் விடியற்காலைக் கனவுத் தூக்கத்தில்தான் தொண்டை அதிகம் தளரும், அந்த நேரத்தில் பலர் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். எங்கள் லேபிலேயே நான்கு மணிக்கு மேல் கையால் தட்டிவிடுவார்கள், போய் மாட்டிவிட்டு வர வேண்டும். இன்னொன்று, பகலில் மிகவும் தூங்கி வழிபவர்களையும், ஆக்சிஜன் ரொம்ப நேரம் ரொம்பக் கீழே போகிறவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. நியாயம்தான், அவர்களைச் சிகிச்சை இல்லாமல் விட முடியாது. ஆனால் நான் இரவில் பயந்து எழுந்து போய்ப் பார்க்கும் ஆட்கள் அவர்கள்தானே. பிறகு 2023-இல் இப்படிப்பட்ட மூன்று ஆய்வுகளில் இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், இரவுக்கு நான்கு மணி நேரமாவது போட்டவர்களுக்கு அடுத்த மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக இருந்தன. மாஸ்க்கை ஒழுங்காகப் போடுகிற ஆள் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவார், நடைப்பயிற்சியும் போவார், பலன் அதனாலும் இருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். கேள்வி இன்னும் முடியவில்லை என்பதுதான் நேர்மையான பதில். முடியாத கேள்வியைச் சாக்காக வைத்து, நோயாளியிடம் கேட்காமலே விடுவது எப்படிச் சரியாகும்? மாரடைப்பை விடுங்கள். சேவ் ஆய்விலேயே பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. ஸ்டென்ட் வைத்த பிறகு "ஏதோ ஆளே மாறிட்டார், எப்பவும் களைப்பு, எதிலயும் ஈடுபாடு இல்ல" என்று குடும்பம் புலம்புகிறதே, அதற்கு எல்லா நேரமும் இதயம்தான் காரணம் என்பதில்லை.

அல்பிரசோலம் விஷயத்துக்கும் வருகிறேன். மாரடைப்பு வந்து போனவர் தூக்கம் வரவில்லை என்பார். பயம் இருக்கும், ஒரு சின்ன மாத்திரை எழுதுவது மனிதத்தன்மைதான். ஆனால் நடுராத்திரி திடுக்கிட்டு எழுவது பயத்தாலா, மூச்சு நின்றதாலா என்று பார்க்காமல் எழுதினால், தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, அவரை எழுப்பிக் காப்பாற்றும் அந்த விழிப்பையும் மழுங்கடிக்கிற மருந்தாக அது ஆகிவிடும். அது இரண்டு வாரத்தோடு நிற்பதும் இல்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வருஷக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் மருத்துவமனைக்குள்ளேயே இந்தக் கேள்வியைக் கேட்கிற ஒருவர் இருக்கிறார். பைபாஸுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் வருவார். குறட்டை உண்டா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் உண்டா என்று கேட்பார், கழுத்தையும் பார்ப்பார். டொராண்டோவில் மயக்கவியல் மருத்துவர்கள் 2008-இல் உருவாக்கிய எட்டுக் கேள்விகள் அவை. மூச்சுக்குக் குழாய் போடும்போதும் எடுக்கும்போதும் ஆபத்து வரக்கூடாதே என்பதற்காகக் கேட்கிறார். அவர் எழுதிய தாள் ஆபரேஷன் முடிந்ததும் ஃபைலுக்கு அடியில் போய்விடும். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்கிறவர் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

ஐசியு நர்ஸ்களுக்கும் தெரியும். இரவில் மானிட்டர் கூவும், ஆக்சிஜன் 82 என்று காட்டும், நர்ஸ் ஓடிவந்து தோளைத் தட்டுவார், மூச்சு திரும்பும், எண் ஏறும். திரும்பத் திரும்ப இதே என்றால் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துவிடுவார். எண் சரியாகும், அலாரம் அடங்கும், அடைப்பு அப்படியே இருக்கும். அந்த வெறும் ஆக்சிஜனால் சிலருக்கு மூச்சு நிற்கும் நேரம் நீளவும் செய்யும். காலை ரவுண்ட்ஸில் "நைட்டு எப்படி?" என்று கேட்பீர்கள், "ஸ்டேபிள் சார்" என்று பதில் வரும். "தூங்கினாத்தான் சார் இறங்குது, முழிச்சிருந்தா இறங்கல" என்று அவர் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் எவ்வளவோ தெரிந்துவிடும். சொல்லலாம் என்ற இடத்தை நீங்கள்தான் தர வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நோயாளியிடம் "குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டால் பிரயோசனமில்லை. தூங்குகிறவருக்கு என்ன தெரியும்? சிலர் "இல்லவே இல்லை" என்பார்கள், பின்னால் நிற்கும் மனைவி சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அவர்களிடம் இப்படித்தான் கேட்பேன்: "அம்மா, சத்தம் திடீர்னு நின்னு போய், மூச்சு இருக்கான்னு நீங்க பயந்து உலுக்கி எழுப்பின ராத்திரி உண்டா?" உண்டு என்றால் உடனே வந்துவிடும். சிலர் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று நினைக்கிற வீடுகளில் இந்தப் பயத்தை யாரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். தனியறையில் படுப்பவர் என்றால், அடுத்த அறைக்குச் சத்தம் கேட்குமா என்று கேளுங்கள். ராத்திரி எத்தனை தடவை சிறுநீருக்கு எழுகிறார், காலையில் தலை வலிக்கிறதா, பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறாரா என்றும் கேளுங்கள்.

பெண்களிடம் இன்னும் பதமாகக் கேட்க வேண்டும். குறட்டை என்றாலே கூச்சப்பட்டு மறுப்பார்கள், கணவர் கவனித்திருக்கவும் மாட்டார். அவர்கள் சொல்வது அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்றுதான். மாதவிடாய் நின்ற பிறகு இந்த நோய் பெண்களிடமும் கூடுகிறது. அதேபோல் ஆள் ஒல்லி, இவருக்கு இருக்காது என்று விட்டுவிடாதீர்கள். அந்த எட்டுக் கேள்விகளில் உடல் எடைக் குறியீடு 35-க்கு மேல் என்று ஒன்று வரும். நம் ஆட்களுக்கு அந்த அளவு பொருந்தாது. தாடை சற்று உள்வாங்கியவர், கழுத்து குட்டையானவர், தொப்பை மட்டும் உள்ளவர் என்று அதற்கு எவ்வளவோ கீழே இருப்பவர்களுக்கு நாங்கள் கடுமையான நோயைப் பார்க்கிறோம்.

கேட்டுவிட்டு உடனே அனுப்ப வேண்டும் என்பதில்லை. மாரடைப்பு வந்த சூட்டில் செய்யும் ஸ்டடி சரியான படத்தைக் காட்டாது. சில வாரம் கழித்து, உடல் நிதானப்பட்ட பிறகு செய்தால் போதும். லேபுக்கு வந்து படுக்க வசதியில்லாதவருக்கு வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவிகள் வந்துவிட்டன. தேவை என்று வந்தால் எல்லாருக்கும் மெஷின்தான் என்பதும் இல்லை. எடை குறைப்பது, இரவில் குடிப்பதை நிறுத்துவது, ஒருக்களித்துப் படுப்பது ஆகியவற்றால் லேசான நோய் அடங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பல் டாக்டர் செய்து தரும் தாடைக் கருவியும் சிலருக்கு உதவும்.

கடுமையானதென்றால் சீபாப்தான். 1981-இல் சிட்னியின் காலின் சல்லிவன் குழு அறிவித்த அந்த யோசனை இன்னும் அப்படியேதான் இருக்கிறது: மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைப்பது. விலை சில பத்தாயிரங்கள். காசைக் கொட்டி வாங்கிவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள்தான் என் பெரிய கவலை. காரணங்கள் சின்னச் சின்னவை. மாஸ்க் அளவு சரியில்லை. அடர்ந்த மீசை, அதன் வழியே காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது (மீசையை எடுக்கச் சொன்னால் மெஷினையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், மூக்குத்துளையில் பொருந்தும் சின்ன மாஸ்க் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்). மூக்கு வறண்டுபோகிறது. கரண்ட் போனால் மெஷின் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ஆனால் நான் சொன்னால், கம்பெனிக்காரன் கமிஷனுக்குச் சொல்கிறான் என்று நினைக்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நெஞ்சைக் காப்பாற்றிய டாக்டர் சொல்லி சிகரெட்டையே விட்ட மனிதர்கள், அவர் சொன்னால் மாஸ்க்கைப் போட மாட்டார்களா? 3.3 மணி நேரத்தை ஐந்தாக ஆக்குவதற்கு உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் பலம் எங்கள் ஒருவரிடமும் இல்லை.

நேரமில்லை என்பீர்கள். ஓபியில் காத்திருக்கும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் நீங்கள் கேட்க வேண்டாம். எக்கோவுக்கும் ஈசிஜிக்கும் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களே, அப்போது கூட வந்தவரிடம் ஒரு தமிழ்த் தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லலாம். பிரஷர் பார்க்கும் நர்ஸ் கேட்கலாம். விடையைச் சம்மரியில் சுகருக்கும் புகைக்கும் பக்கத்தில் ஒரு வரியாக ஏற்றிவிட்டால் அடுத்து பார்க்கிற டாக்டர் யாரானாலும் கண்ணில் படும்.

ஏற்கெனவே மெஷின் வாங்கியவர் மறுபரிசோதனைக்கு வந்தால், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்கும்போதே மெஷினையும் கேளுங்கள். தினமும் போடுகிறேன் என்பார். பெரும்பாலான மெஷின்களில் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு பதிவாகிவிடும், மெமரி கார்டையோ போனில் உள்ள ஆப்பையோ காட்டச் சொல்லுங்கள். அதை எப்படிப் படிப்பது என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் வருவோம். மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள். அதுவரை நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்லீப் லேப் டெக்னீஷியன்